இயங்கும் கோப்பும் திறக்கும் கோப்பும்

மதுரையிலிருந்து திருச்சிச் சாலையில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் போனால் மேலூர். கிராமங்களுக்கு இணையம் கொண்டுபோகும் இந்தியச் சோதனைகளில் அதிகம் ஆராயப்பட்ட ஒன்று 2001இன் இறுதியில் இந்த வட்டத்தில்தான் தொடங்கியது. சென்னை ஐஐடியின் டெனெட் குழு, என்-லாக் நிறுவனம், ஹார்வர்டு, எம்ஐடி பல்கலைக்கழகங்கள் ஆகியவை சேர்ந்து நடத்திய அந்தத் திட்டத்துக்கு 'சாரி' என்று பெயர். மதுரையில் தலைமையகம் கொண்ட தானம் அறக்கட்டளையும் சில மையங்களை நடத்தியது. ஐஐடியில் உருவான கோர்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பம் ஊர்க் கியோஸ்க்குகளுக்கு நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணைப்புத் தந்தது. முதியோர் உதவித்தொகைக்கான மனுவை மேலூர் தாலுகா ஆபீசுக்கு அனுப்ப அது போதும். படமும் ஒலியும் அசைவும் கொண்ட ஒரு பாடத்தை வரவழைக்கப் போதாது. ஒரு சிடியில் அடங்கும் 650 எம்பியை 70 கிலோபிட் வேகத்தில் இறக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் இடையில் கரண்ட் போகாமல் இருந்தால். அதே சிடியை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுகிற ஒருவர் மஞ்சப் பையில் போட்டு ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடலாம்.

இணைப்பே தேவையில்லாமல், கணினியில் ஏற்றி இரண்டு முறை கிளிக் செய்தால் ஓடுகிற தனிச் செயலி இந்த வட்டாரத்துக்கு ஏன் பொருந்தியது என்பதற்கு இந்தக் கணக்கே விளக்கம். மீயூடகப் படைப்புகளை, அதாவது எழுத்து, படம், ஒலி, அசைவு ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் இணைப்புகளால் கோத்த படைப்புகளை, அப்படிப்பட்ட செயலிகளாக மாற்றும் பழக்கம் 1990களில் தொடங்கி 2010 வாக்கு வரை தமிழில் செழித்தது. பாடக் குறுந்தட்டுகள், திருக்குறள் குறுந்தட்டுகள், கோயில் உலாக் குறுந்தட்டுகள், மழலையர் அரிச்சுவடிகள் என்று அவை வந்தன. அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை மட்டுமே இந்திய மொழிகள் பலவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடக் குறுந்தட்டுகளை உருவாக்கியது. அவற்றில் தமிழும் உண்டு. இவற்றின் நிலையை வைத்து இந்தக் கட்டுரை ஒன்றை வாதிக்கிறது: தனிச் செயலி ஒரு படைப்பை வாசகரிடம் கொண்டுசேர்க்க நல்ல வடிவம், ஆனால் அந்தப் படைப்பின் ஒரே பிரதியாக அது இருக்கும்போது, தமிழைப் பொறுத்தவரை ஆங்கிலத்தைவிடக் கூடுதலான சேதத்தை விளைவிக்கிறது.

செயலியாக மாற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால் இதன் காரணம் புரியும். 1987இல் ஆப்பிளின் பில் அட்கின்சன் உருவாக்கிய ஹைப்பர்கார்டு என்னும் மென்பொருள் மேக்கின்டாஷ் கணினிகளுடன் இலவசமாகவே வந்தது. அதில் ஒருவர் செய்த 'அடுக்கு' என்னும் கோப்பை இன்னொருவர் திறந்து படிக்கலாம், பொத்தானுக்குப் பின்னால் எழுதியிருந்த நிரலைப் பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம். படிப்பவருக்கும் படைப்பவருக்கும் ஒரே கருவி. பின்னால் வந்த 2.2 பதிப்புதான் அந்த அடுக்கைத் தனிச் செயலியாகச் சேமிக்கும் வசதியைத் தந்தது. இந்தியாவில் பல்லூடகத் தொழில் கற்றவர்களுக்குப் பழக்கமான கருவி மேக்ரோமீடியாவின் டைரக்டர்; அது தன் படைப்பை 'புரொஜெக்டர்' என்ற பெயரில் செயலியாக்கியது. படைப்பை ஓட்டும் எஞ்சினும் படைப்பும் ஒரே கோப்பில் ஒட்டப்படும். பிறகு வந்த ஃபிளாஷும் அப்படியே: விண்டோஸ் புரொஜெக்டர் கோப்பின் முன்பகுதி ஃபிளாஷ் பிளேயர், அதன் வாலில் படைப்பு, கடைசியில் ஒரு குறியும் படைப்பின் நீளமும். வேறு மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் இந்த ஒட்டலில் ஒரு பிரிவினை நடக்கிறது. திருத்தக்கூடிய மூலக் கோப்பு தயாரித்தவரின் கணினியிலேயே தங்கிவிடுகிறது. வெளியே போவது ஓட மட்டுமே தெரிந்த பிரதி. தயாரித்த நிறுவனம் மூடப்பட்டாலோ அதன் ஹார்டு டிஸ்க் கெட்டாலோ மூலம் அத்தோடு போயிற்று.

ஓடும் பிரதியாவது ஓடிக்கொண்டிருக்குமா என்றால், அது இயங்குதளத்தின் தயவில் இருக்கிறது. விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் செயலிகளை 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. 2021இல் வந்த விண்டோஸ் 11இல் 64 பிட் பதிப்பு மட்டுமே உண்டு. மேக் பக்கம் 2011இல் பவர்பிசி செயலிகளும் 2019இல் 32 பிட் செயலிகளும் கைவிடப்பட்டன. டைரக்டரில் செய்த பல சிடிகள் வீடியோவுக்குக் குவிக்டைமை நம்பியிருந்தன. ஆப்பிள் விண்டோசுக்கான குவிக்டைமை 2016இல் கைவிட்டது. மேக்ரோமீடியாவைப் பின்னர் வாங்கிய அடோபி, டைரக்டரின் விற்பனையை 2017இல் நிறுத்தியது. சிடி டிரைவ் இருக்கும் மடிக்கணினியே இன்று அரிது. இவையெல்லாம் உலகப் பொதுவான இழப்புகள். ஆங்கிலப் படைப்புகளுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. தமிழுக்கு நேர்ந்தது இதற்கு மேலான ஒன்று, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

டைரக்டருக்கு யூனிகோடு ஆதரவு வந்தது 2008இல், அதன் பதினொன்றாம் பதிப்பில். சிக்கலான எழுத்து வடிவங்களைச் சரியாகக் கோக்கும் புதிய எழுத்து எஞ்சின் ஃபிளாஷ் பிளேயருக்கும் அதே 2008இல்தான், பத்தாம் பதிப்பில் வந்தது. தமிழ் யூனிகோட்டில் இடம்பெற்றது 1991இல். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில், அதாவது தமிழ்க் குறுந்தட்டுகள் செழித்த அதே காலத்தில், இந்தக் கருவிகளில் தமிழை எழுத இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, பாமினி போன்ற எழுத்துருக்களையோ 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் அரசு ஏற்ற டாம், டாப் குறியாக்கங்களையோ பயன்படுத்துவது. இவற்றில் லத்தீன் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும். எழுத்துருவும் சிடியில் சேர்ந்து வரும். இல்லாவிட்டால் செயலி கண்ணுக்கு முன் குப்பையைக் கொட்டும். மற்ற வழி இன்னும் மோசம்: எழுத்துச் சிக்கலே வேண்டாமென்று பக்கம் முழுவதையும் படமாக்கிவிடுவது, அல்லது ஃபிளாஷில் எழுத்தை உடைத்து வெறும் கோட்டுருவங்களாக்குவது. அவசரத்தில் வேலை முடிக்க வேண்டிய வடிவமைப்பாளருக்கு இது கச்சிதமான வழி, எந்தக் கணினியிலும் எழுத்துப் பிறழாது. ஆனால் அந்தக் கணத்திலிருந்து அங்கே உரை என்று ஒன்று இல்லை. தேட முடியாது, நகலெடுக்க முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் படிக்காது.

எனவே ஒரு பழைய ஆங்கிலச் செயலியைப் பிரித்து உரையை மீட்பதும் ஒரு பழைய தமிழ்ச் செயலியைப் பிரிப்பதும் ஒரே வேலை இல்லை. முன்னதில் கிடைப்பது படிக்கத்தக்க உரை. பின்னதில், எழுத்துருவின் வரைபடம் தெரிந்தால் மட்டும் மாற்றக்கூடிய குறிகளின் கூட்டம், அல்லது எழுத்துணரி மென்பொருளுக்குக் கொடுத்து மீண்டும் மெய்ப்புப் பார்க்க வேண்டிய படங்கள். கணினியிலேயே பிறந்த ஒரு நூலை, பழைய அச்சுப் புத்தகத்தை நடத்துவதுபோல் ஸ்கேன் செய்து மீட்க வேண்டியிருப்பது விசித்திரமான நிலை.

இதற்கு எதிர்ப்புறத்தில், மதுரையின் பெயரையே தாங்கிய ஒரு முயற்சி நிற்கிறது. 1998 பொங்கல் நாளில் லோசானிலிருந்த வேதியியலர் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்திலிருந்த குமார் மல்லிகார்ஜுனனும் தொடங்கிய மதுரைத் திட்டம், சங்கம் இருந்த ஊர் என்பதால் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த இலக்கியங்கள் முதலில் இணைமதி, மயிலை எழுத்துருக்களிலும், பின்னர் டிஸ்கி குறியாக்கத்திலும், அதற்குப் பின் யூனிகோட்டிலும் வெளிவந்தன. குறியாக்கம் மாறிய ஒவ்வொரு முறையும் உரை தப்பித்தது. காரணம் எளிது: அவை திறந்த உரைக் கோப்புகளாகவே இருந்தன, ஒரு மாற்றுநிரலை ஓட்டினால் மொத்தமும் அடுத்த வடிவத்துக்குப் போய்விடும். கண்ணைக் கவரும் அசைவுகள் எதுவும் அதில் இல்லை என்று சொல்லலாம், உண்மைதான். மீயூடகம் என்று அதைச் சொல்ல முடியாது என்றும் சொல்லலாம். அதற்குப் பதில் புதுச்சேரியில் இருக்கிறது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூரகிழக்குப் பிரெஞ்சுக் கல்விக்கழகமும் 2007இல் வெளியிட்ட 'கணினித் தேவாரம்' ஒரு குறுந்தட்டாகத்தான் வந்தது. வி.எம். சுப்பிரமணிய ஐயர் எழுதிய முழு ஆங்கில உரை, தேவாரத்துக்குச் சொல்லடைவு, பதிகத்திலிருந்து தலத்துக்கும் சொல்லிலிருந்து பாடலுக்கும் போகும் இணைப்புகள் எல்லாம் அதில் உண்டு. ழான்-லுக் ஷெவியாரும் எஸ்.ஏ.எஸ். சர்மாவும் அதைச் செயலியாகப் பூட்டாமல், உலாவியில் திறக்கும் சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களாக அமைத்தார்கள். சிடியின் காலம் முடிந்ததும் அதே பக்கங்கள் நிறுவனத்தின் இணையதளத்துக்கு ஏறின. திருவாலவாய்ப் பதிகத்தைத் தேடும் மதுரைக்காரர் ஒருவர் இன்று கைப்பேசியிலேயே அதைப் பார்க்கலாம். அதே காலத்தில் வந்த பளபளப்பான பல சிடிகளை அவர் எந்தக் கருவியிலும் திறக்க முடியாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 2020 டிசம்பர் 31இல் அடோபி ஃபிளாஷை நிறுத்தியபோது செத்தது உலாவியில் ஓடிய ஃபிளாஷ்தான்; 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே அந்தப் பக்கங்களை ஓட்ட மறுத்தது. ஆனால் புரொஜெக்டராகப் பொதிந்த செயலிகளுக்குள் இருந்த பிளேயரை யாரும் அணைக்கவில்லை. அவை விண்டோசில் பின்னரும் ஓடின. அப்படியானால் தனிச் செயலிதானே நீடித்தது, இணையம்தானே கைவிட்டது? இந்த மறுப்பை ஏற்க வேண்டும். பொதிந்து கொடுப்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது: தன் எஞ்சினைத் தானே சுமப்பது, எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் முடிவால் ஒரே நாளில் அணைந்துபோகாது. ஆனாலும் இந்தச் சான்று எதுவரை செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும். ஃபிளாஷ் செயலி ஓடுகிறது, ஆனால் உள்ளே உள்ள தமிழ் இன்னும் படமாகவே இருக்கிறது. 2006இல் எழுதிய பாடத்தில் ஒரு பிழையைத் திருத்த ஆசிரியர் நினைத்தால் திருத்த வழியில்லை. லினக்ஸ் ஓடும் கணினியில் அது திறக்காது, கைப்பேசியில் திறக்கவே திறக்காது. நீடிப்பதும் பயன்படுவதும் இங்கே பிரிந்து நிற்கின்றன.

பழைய கணினியைப் புதியதில் போலச்செய்யும் எமுலேட்டர்கள் பார்த்துக்கொள்ளும் என்பது அடுத்த மறுப்பு. பிரிட்டனின் பிபிசி 1986இல் பள்ளிகளைக் கொண்டு திரட்டி லேசர்வட்டில் வெளியிட்ட டூம்ஸ்டே திட்டம், பதினைந்து ஆண்டுகளுக்குள் படிக்கக் கருவியில்லாமல் தவித்ததும், லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் கமீலியன் திட்டம் 2002இல் எமுலேட்டர் மூலம் அதை மீண்டும் ஓடவைத்ததும் தெரிந்த கதை. ஃபிளாஷுக்கு ரஃபிள் என்ற எமுலேட்டர் இருக்கிறது. இணைய ஆவணகம் 2020 நவம்பரிலிருந்து அதைக் கொண்டே ஃபிளாஷ் படைப்புகளை ஓட்டிக்காட்டுகிறது. ஸ்கம்விஎம் என்னும் திறந்த மென்பொருளின் குழுவினர் டைரக்டர் எஞ்சினையும் மறுஆக்கம் செய்துவருகிறார்கள். இவை போற்றத்தக்க உழைப்பு. ஆனால் எமுலேட்டர் எழுதுபவர்கள் எதைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்: தங்களுக்குப் பிடித்த விளையாட்டுகளை, தங்கள் மொழிப் படைப்புகளை. மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு சிறு நிறுவனம் டாப் எழுத்துருவில் ஒரு பாடச் சிடி செய்திருந்தால், அது ரஃபிளில் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டியவர் நாம்தான். அதற்கு முதலில் அந்தச் சிடியின் நகல் எங்காவது இருக்க வேண்டும்.

தொழில் செய்பவரின் மறுப்பு வேறு: திறந்த கோப்பாகக் கொடுத்தால் அடுத்த நாளே நகல் வந்துவிடும், செயலியாகப் பூட்டினால்தான் விற்க முடியும். முதலீடு போட்டவருக்கு இந்தக் கவலை நியாயமானது. ஆனால் பூட்டிய சிடியும் முழுதாக நகலெடுக்கப்படத்தான் செய்தது. சிடியை நகலெடுக்க அதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பூட்டு தடுத்தது திருட்டை விடத் திருத்தத்தைத்தான் அதிகம். விற்பனைக் காலம் எப்படியும் சில ஆண்டுகள்தான். அதற்குப் பின் மூலக் கோப்பை ஒரு நூலகத்தில் ஒப்படைப்பதால் எந்த வருமானமும் போகாது. அரசுப் பணத்தில் தயாரானவற்றுக்கு இந்த வாதத்தைச் சொல்லவே இடமில்லை.

ஆசிரியரின் மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்கவைக்கிறது. உசிலம்பட்டியிலோ வாடிப்பட்டியிலோ ஒரு பள்ளியில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு, நூறு கோப்புகள் கொண்ட ஃபோல்டரைக் கொடுத்து உள்ளே இருக்கும் முதல் பக்கத்தைத் தேடித் திறக்கச் சொல்வது சரியான உதவி ஆகாது. ஒரு ஐகான், இரண்டு கிளிக், அவ்வளவுதான் அவருக்கு வேண்டும். போதாக்குறைக்கு, கணினியிலேயே உள்ள பக்கங்கள் மற்ற கோப்புகளைப் படிப்பதைக் குரோம் போன்ற உலாவிகள் பாதுகாப்புக்காகத் தடுக்கின்றன. இணையத்தில் நன்றாக ஓடும் பாடம் பென் டிரைவில் வெள்ளைத் திரையாக நிற்கும். ஆகவே பொதிதல் வேண்டும். வேண்டாதது, திறக்க முடியாத பொதி. இன்றைய கருவிகளில் இது முன்பைவிட எளிது. 2013இல் கிட்ஹப்பில் உருவான எலெக்ட்ரான், வலைப்பக்கங்களை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் செயலியாக்குகிறது. ஒரு முழுக் குரோமியம் உலாவியையும் சேர்த்துச் சுமப்பதால் சின்னப் பாடம்கூட நூறு எம்பியைத் தாண்டும். பழைய கணினிகள் திணறும். ஆனால் அதற்குள் படைப்பு ஒரு சாதாரண ஆவணப்பொதியாகவே இருக்கிறது. பிரித்தால் யூனிகோடு உரையும் படமும் அப்படியே கிடைக்கும். 2004இல் ஜெரமி ரஸ்டன் உருவாக்கிய டிட்லிவிக்கி இதைவிட எளிமையானது: செயலியும் உள்ளடக்கமும் ஒரே எச்டிஎம்எல் கோப்பு, உலாவி இருந்தால் போதும். இணையமில்லாத இடங்களுக்கு விக்கிப்பீடியாவைக் கொண்டுபோகும் கிவிக்ஸ் மூன்றாவது வழியைக் காட்டுகிறது. உள்ளடக்கம் ஒரு திறந்த வடிவக் கோப்பு, அதைப் படிக்கும் செயலி தனி. ஒன்று கெட்டால் மற்றது கெடாது.

பிள்ளைகள் பக்கம் இன்னும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் கடைசி அலகு ஸ்க்ராட்ச் என்னும் நிரலாக்கக் கருவியை அறிமுகப்படுத்துகிறது. ஸ்க்ராட்ச் 3இன் படைப்புக் கோப்பு வெறும் ஜிப் கோப்பு; அதனுள் நிரல் உரையாகவும் படங்களும் ஒலிகளும் தனித்தனியாகவும் இருக்கும். டர்போவார்ப் பேக்கேஜர் என்ற இலவசக் கருவி அதை ஒரே எச்டிஎம்எல் கோப்பாகவோ விண்டோஸ், மேக், லினக்ஸ் செயலியாகவோ மாற்றித் தரும். மூலத்தையும் செயலியையும் சேர்த்தே கொடுக்க மாணவருக்குப் பழக்குவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. (இதே பாடத்திட்டத்தில் 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூல், அடோபி நெடுங்காலம் முன்பே வளர்ப்பதை நிறுத்திவிட்ட பேஜ்மேக்கரைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது. எந்தக் கருவி நிலைக்கும் என்ற கேள்வியே பாடநூல் எழுதியவர்களுக்கு எழவில்லை போலும்.)

ஏற்கெனவே பூட்டப்பட்டவற்றை என்ன செய்வது? இங்கே சட்டம் நமக்குத் துணையாக இல்லை. அச்சிட்ட ஒவ்வொரு நூலின் பிரதியும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் போக வேண்டும் என்ற 1954ஆம் ஆண்டுச் சட்டம் நூலையும் செய்தித்தாளையும் சொல்கிறது, மின் வெளியீட்டைச் சொல்லவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 52(1)(என்) பிரிவு, பாதுகாப்பதற்காக ஒரு படைப்பை மின் வடிவில் சேமிக்க இலாப நோக்கற்ற பொது நூலகத்தை அனுமதிக்கிறது. ஆனால் அந்நூலகத்திடம் அதன் மின்னல்லாத பிரதி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. சிடியாகவே பிறந்த படைப்புக்கு அப்படியொரு பிரதி ஏது? சட்டப்படி வைத்திருப்பவர் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு கணினி நிரல்களுக்குச் சொல்வதுதான் இப்போதைக்குக் கைக்கு எட்டும் வாசல், அதுவும் குறுகலானது. ஆகவே உரிமையாளர் தாமாக முன்வந்து கொடுத்தால் ஒழிய எதுவும் நகராது.

மதுரை புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இந்தப் பணிக்குப் பொருத்தமான இடம். தமிழ்ப் பல்லூடகச் சிடிகளை உரிமையாளரின் எழுத்துமூலமான ஒப்புதலோடு பெற்று, அவற்றின் முழு வட்டுப் பிம்பத்தை எடுத்து, எந்தக் கருவியில் எந்த எழுத்துருவில் செய்யப்பட்டது என்பதைக் குறித்துவைக்க ஒரு சிறு பிரிவு போதும். எழுத்துரு மாற்றத்திலும் எழுத்துணரியிலும் பயிற்சியுள்ள இரண்டு மூன்று பேர் அதில் இருக்க வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கல்விசார் பல்லூடக ஆராய்ச்சி மையம் கைகொடுக்கலாம். மதுரையிலும் சுற்றுப்புறத்திலும் அந்த ஆண்டுகளில் டைரக்டரிலோ ஃபிளாஷிலோ வேலை செய்தவர்கள் பலர் இன்னும் தொழிலில் இருக்கக்கூடும். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பழைய ஹார்டு டிஸ்க்கைக் காயலான் கடையில் போடுவதற்கு முன், அதில் உள்ள மூலக் கோப்புகளையும் எழுத்துருக்களையும் ஒரு முறை நகலெடுத்து வையுங்கள்.